இன்னொருத்தர் பேரில் ஏறிய கப்பல்

மடுல்சீமை
3 பெப்ரவரி 2025

லூக்காஸ் அண்ணே,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் பதுளையிலிருந்து ஏஜென்சிக்காரர் பேசினார். எங்கள் இவரை, ரஜீவை, நீங்கள் வேலை செய்கிற நாட்டுக் கடற்படை பிடித்து வைத்திருக்கிறதாம். நீங்கள் கப்பல் பழுது பார்க்கும் டொக்கில் நிற்கும் போர்க்கப்பலுக்குள் வேறொருவருடைய அனுமதிப் பாஸோடு ஏறியிருக்கிறாராம். அந்த வேறொருவர் யார் என்று கேட்டேன். லூக்காஸ் என்றார். "அவரு பாஸ் களவு போயிட்டுன்னு சொல்றாரு தங்கச்சி, நாங்க என்ன செய்ய?" என்று போனை வைத்துவிட்டார்.

களவு. அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. நம்ம தோட்டத்து லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவர் நீங்கள். அவரை அங்கே கூட்டிப் போனவரும் நீங்கள். பதுளை டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவரை, "கப்பல் வேலைடா, வெயில் மட்டுந்தான் கஷ்டம்" என்று சொல்லி அழைத்துப் போனீர்கள். அந்த மனிதர் உங்கள் தலைமாட்டில் கை வைத்துத் திருடினார் என்று நீங்கள் சொன்னீர்களா?

நீங்கள் தங்கியிருக்கும் காம்ப் போனுக்கு எடுத்தேன். யாரோ பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்பது எனக்கே விளங்கியது. "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று சொல்லி வைத்தீர்கள். அதனால்தான் உங்கள் காம்ப் சமையல்காரர் ஸாஹிருடைய பெயருக்கு இதை அனுப்புகிறேன். வெலிமடையில் அவர் வீட்டு ஆட்கள் விலாசம் தந்தார்கள்.

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்கு அப்பா எங்கே என்று கேட்கத் தெரியாது. அதுதான் இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஒரே நிம்மதி.

நடந்ததைச் சொல்லுங்கள். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுபாஜினி


13 பெப்ரவரி 2025

தங்கச்சி சுபாஜினிக்கு லூக்காஸ் எழுதுவது,

உன் கடிதத்தை ஸாஹிர் அரிசி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தான். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிழை இருந்தால் டீச்சரம்மா திருத்திப் படித்துக்கொள்.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். இது சாமான் ஏற்றும் கப்பல் இல்லை. ஏவுகணைக் கப்பல். நாசகாரி என்று நம்ம ஊர்ப் பேப்பரில் போடுவார்களே, அது. கப்பலை ஓட்டும் மேடைக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு பெரிய குழாய், வானத்தைப் பார்த்துச் சரிந்து நிற்கும். டொக்குக்கு வருமுன் ஏவுகணைகளைக் கழற்றிவிட்டார்கள், குழாய் மட்டும் இருக்கிறது. அந்தக் குழாயின் அடியில் துரு சுரண்டிச் சாயம் அடிப்பது என் வேலை. அதற்குச் சிவப்புப் பட்டி போட்ட பாஸ். ரஜீவுக்குக் கப்பலின் அடிவயிற்றில் வேலை, பாசி சிப்பி கழுவுவது. அதற்குப் பச்சைப் பட்டி. பச்சைக்காரன் மேலே ஏறக்கூடாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. எழும்ப முடியவில்லை. சிவப்புப் பாஸ்காரன் தொடர்ந்து வராவிட்டால் பாஸை வெட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு ரஜீவுக்கு லீவு. "அண்ணே, நான் ஒங்க பேருக்குப் போயிட்டு வர்றேன்"னு சொன்னான். அவன் அதைச் சொன்னதும் எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை தங்கச்சி. நம்ம தோட்டத்தில் உன் அம்மாவுக்கு முடியாதபோது என் அக்கா போய் உன் அம்மா பேருக்குக் கொழுந்து எடுக்கவில்லையா? கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி பேர் போடவில்லையா? ஆள் யாராக இருந்தால் என்ன, அன்றைய கணக்கில் பேர் விடுபடக்கூடாது. அப்படித்தானே நாம் பழகினோம். ஹெல்மெட்டும் முகமூடியும் போட்டால் அவனும் நானும் ஒரே மாதிரி. நானே என் மேல்சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன்.

மத்தியானம் ஒரு கடற்படை ஆபிசர் முகமூடியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

களவு என்று நான் முதலில் சொல்லவில்லை. அதைச் சொன்னது அவன். உடுப்பு எடுக்க அவனைக் காம்புக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள். தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "அண்ணே, அண்ணி மாசமா இருக்காங்க. நான்தான் தெரியாம எடுத்தேன்னு சொல்லிட்டேன். நீங்க ஒன்னுந் தெரியாதுன்னு இருங்க." பிறகு ஆபிசர் என்னிடம் எழுதிய தாளைக் காட்டி உண்மையா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை.

அவனுக்குக் கொடுத்த வாக்கு அது. என்னை மன்னித்துக்கொள்.

லூக்காஸ்


மடுல்சீமை
24 பெப்ரவரி 2025

லூக்காஸ் அண்ணே,

ஆட்டின தலைக்கும் சொன்ன வாய்க்கும் என்ன வித்தியாசம்?

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம் வந்தது அவர் மேல்தான். பெரிய மனுஷன். வீட்டில் ஒரு பெண்ணும் பிள்ளையும் இருப்பதை மறந்துவிட்டு, அடுத்த வீட்டு அண்ணி மாசமாக இருப்பதை நினைத்துக்கொண்டாராம். அவர் என் கையில் கிடைக்கட்டும், பிறகு திட்டுகிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

பண்டாரவளையில் என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்த றிப்தாவின் மாமா ஒரு சட்டத்தரணி. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போய் அவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாஸைத் திருடினவரு, திருடி அங்க என்னத்தச் செய்யப் போனாருன்னு சொன்னாரு?" அவர் சொன்னார், அந்தக் கேள்வியைத்தான் கடற்படைக்காரர்களும் இவரிடம் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று.

யோசித்துப் பாருங்கள். காய்ச்சல்காரனுக்குப் பதிலாகப் போன ஒருவன் ஒழுங்கை மீறினவன், அவ்வளவுதான். தூங்குகிறவனிடம் திருடி, முகத்தை மூடி, லீவு நாளில், ஏவுகணைக் குழாய்க்கு அடியில் போய் நின்றவன் யார்? ஒற்றன். வேறு என்ன பெயர் இருக்கிறது அதற்கு? உங்களைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அவரையே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. தோட்டத்தில் கொழுந்துக்கூடையை மாற்றியதற்கு "நான்தாங்க எடுத்தேன்" என்று சொன்னால் துரை இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் போவார். அந்த நினைப்பில் சொல்லியிருக்கிறார். அங்கே அப்படி விடமாட்டார்கள். வருடக்கணக்கில் உள்ளே வைப்பார்கள் என்று சட்டத்தரணி சொன்னார். அதைவிடப் பெரியதையும் சொல்ல வாயெடுத்தார், பாப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் போய்ச் சொல்லுங்கள். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்குப் போய் மரியகொரட்டி அண்ணியிடம் நான் சொல்லுவேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுபாஜினி


6 மார்ச் 2025

தங்கச்சி,

கொரட்டியிடம் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். முன்னே ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். அப்போது அவளைக் கூட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனது நீதான். மண்சரிவு வந்து ரோட்டை மூடி, வேன் பாதியில் நின்றதும் உனக்குத் தெரியும். இப்போது இவள் ஒரு கெட்ட சேதியைக் கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ எழுதினதை நான் பத்துத் தடவை படித்தேன். நீ சொல்வது சரி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒரு மலையாளி மொழிபெயர்த்தார். நல்ல மனுஷன். ஆபிசர் வெளியே போன சமயம் எனக்கு விளக்கம் சொன்னார். இந்தக் கப்பல் விமானத்தைச் சுட, நீர்மூழ்கியைத் தேட என்று செய்தது இல்லையாம். அதெல்லாம் பேருக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறார்களாம். செய்தது இன்னொரு கப்பலை அடிப்பதற்கு. அந்த எட்டுக் குழாய்க்காகத்தான் மற்ற எல்லாமே. குழாயிலிருந்து எந்த வயர் எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கத்து மூடி முதலில் திறக்கிறது என்று எதிரிக் கப்பல்காரனுக்குத் தெரிந்தால் இவர்கள் அடிக்குமுன் அவன் அடித்துவிடுவானாம். அதோடு இதே வகையில் இன்னும் மூன்று கப்பல் இருக்கிறதாம், ஒரே வரைபடத்தில் கட்டியது. ஒன்றைப் பார்த்தவன் நாலையும் பார்த்தவன். நம்ம லயம் மாதிரி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஒரு காம்பராவில் பிறந்தவன் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் காம்பராவுக்குள்ளும் நடப்பானே. நாலு கப்பலில் எத்தனை மாலுமிகள் என்று கேட்டேன். ஆயிரத்துக்கு மேல் என்றார். அந்த ஆபிசருடைய தம்பி ஒருத்தன் அதில் இருக்கிறானாம்.

அதற்குப் பிறகு அந்த ஆபிசர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் கூடியது. சிவப்புப் பாஸ் வாங்கும்போது யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். நான் கொடுத்தேன் என்று சொன்னால் அவனை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பார்கள். அல்லது இரண்டு பேரையும் கூட்டாளி என்று சேர்த்துப் பிடிப்பார்கள். அப்போது அவன் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒன்று கேட்கிறேன். நான் போய்ச் சொல்லி, நான் உள்ளே போனால், கொரட்டியை நீ பார்த்துக்கொள்வாயா? பிள்ளைக்கும் அவளுக்கும் ஒன்றும் ஆகாது என்று நீ ஒரு வார்த்தை எழுது. அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

லூக்காஸ்


மடுல்சீமை
17 மார்ச் 2025

லூக்காஸ் அண்ணே,

ஆமாம் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஒன்றும் ஆகாது என்று என்னால் எழுதித் தர முடியாது. நான் டாக்டரும் இல்லை, மாதாவும் இல்லை. ஸ்கூலுக்குப் போகும்போது என் பிள்ளையையே யார் வீட்டில் விடுவது என்று ஒவ்வொரு நாளும் அலைகிறவள். அந்த வார்த்தையைத் தந்து உங்களை அனுப்பிவிட்டு, ஏதாவது நடந்தால், பொய் சொல்லி அனுப்பியவள் ஆவேன். ஏற்கெனவே ஒரு பொய்யில் நாம் எல்லோரும் மாட்டியிருக்கிறோம். அண்ணியோடு இருப்பேன். என்ன நடந்தாலும் கூட இருப்பேன். அதற்கு மேல் என்னிடம் இல்லை.

இதை இப்படியே முடித்து அனுப்ப நினைத்திருந்தேன். அதற்குள் வேறு நடந்துவிட்டது.

அண்ணியிடம் நான் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் அவருக்கு என் முகம் போதும். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அவர் வரும்போது நான் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நேற்று வாசலில் வந்து நின்றார். "என்ன டீச்சர், நாங்க ஒங்க கொடத்துல எச்சி துப்பிட்டமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு சிரிக்கவில்லை. "அவரு போன்ல நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு ஒரே பேச்ச பேசுறாரு. கல்யாணம் கட்டி ஒரு நாளு அந்த மனுசன் நல்லா இருக்கேன்னு சொன்னதில்ல. என்னன்னு சொல்லு."

சொன்னேன். பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு ஆம்பளைங்க சேந்து ஒரு பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அப்படி எழுதச் சொல்லித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி கொழுந்து எடுத்து, அதுல முத்தின எல கெடந்தா, தொர யாரக் கூப்புடுவாரு? பேருக்கு ஒடையவளத்தான். காச்சலோ கருப்பமோ, அவதான் தொர ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல வந்து நிக்கணும். எங்கம்மாவும் ஒருவாட்டி இப்படி மாட்டி, போர்வையப் போத்திக்கிட்டு வந்து நின்னாங்க. எடுத்தவள ஒரு வார்த்த பேச விடல. இது அவருக்குத் தெரியாதா? பாதி பழக்கத்த மட்டும் கப்பல்ல கொண்டு போனாரா? போய் நிக்கச் சொல்லு. எனக்காகத்தான் சும்மா இருந்தேன்னு மட்டும் சொல்ல வேணாம். எம்புள்ளைய அதுல இழுக்க வேணாம்."

இவ்வளவுதான். இப்போது எழுந்து போகிறார். படியில் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

சுபாஜினி


29 மார்ச் 2025

தங்கச்சி,

போய் நின்றேன்.

காலையில் நானாகவே கடற்படை வாசலுக்குப் போனேன். மொழிபெயர்க்க ஸாஹிர் வந்தான், அவனுக்கு இந்த நாட்டுப் பேச்சு வரும். வேலை போனாலும் போகட்டும் என்று வந்தான், அவனை மறக்காதே. ஆபிசர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான்தான் கொடுத்தேன் என்றதும், எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். பேருக்கு என்றேன். ஸாஹிர் அதை என்ன சொல்லி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் முழித்தான். பிறகு தேயிலைத் தோட்டத்துக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டி வந்தது. கங்காணி, கொழுந்து, உன் அம்மா, என் அக்கா எல்லாரும் அந்த ஆபிசுக்குள் வந்து போனார்கள்.

அவர் நம்பவில்லை. ரஜீவைக் கொண்டுவரச் சொன்னார். மெலிந்து போயிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "அண்ணே, சும்மா இருங்க. இவரு பொய் சொல்றாருங்க, நான்தான் எடுத்தேன்" என்று கத்தினான். நான் கொடுத்தேன் என்கிறேன், அவன் திருடினேன் என்கிறான். ஆபிசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு விசாரணையைப் பார்த்திருக்கமாட்டார்.

ஸாஹிர்தான் முடித்து வைத்தான். அன்று காலை எனக்குக் கஞ்சி கொண்டு வந்தபோது ரஜீவ் என் சட்டையோடு நின்றதையும், நான் கிடந்தபடியே அவனுக்குப் பொத்தான் பூட்டிவிட்டதையும் கண்டதாகச் சொன்னான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரஜீவ் என் மாதிரி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தானாம். எனக்கு அது நினைவில் இல்லை, காய்ச்சல். சமையலறை ஆட்கள் மூன்று பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

ஆபிசர் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். ஸாஹிர் அதை எனக்குச் சொல்லவில்லை. அந்த அறையை விட்டு வெளியே வந்துதான் சொன்னான். "ஒற்றர்களை எனக்குத் தெரியும், ஒற்றர்கள் இவ்வளவு முட்டாள்கள் இல்லை" என்றாராம்.

ரஜீவை ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் இங்கே கடற்படைக் காவலில், இதை ஸாஹிர் வாங்கிப் போய் அனுப்புவான். கப்பல் டொக்கை விட்டுக் கடலில் இறங்கும் வரைக்கும் வைத்திருப்பார்களாம். பிறகு விடுவதா, வழக்கா என்று சொல்லவில்லை. அடிக்கவில்லை, சோறு தருகிறார்கள். கொரட்டியிடம் இதை எல்லாம் சொல். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே, நம்பமாட்டாள்.

லூக்காஸ்


மடுல்சீமை
21 ஏப்ரல் 2025

லூக்காஸ் அண்ணே,

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். பெண் பிள்ளை. பதுளை ஆஸ்பத்திரியில், வியாழக்கிழமை. அண்ணிக்கு இரத்தம் கூடுதலாகப் போய் ஒரு இரவு பயந்துவிட்டோம். இப்போது எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் ஏசுகிறார். பிள்ளைக்கு உங்கள் நெற்றி, அண்ணியின் வாய். வார்ட்டில் அதன் சத்தம்தான் பெரிது.

இவர் வந்துவிட்டார். பாப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கையை நீட்டினதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் நீட்டின கையை மடக்கிக்கொண்டார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறார். இரண்டாம் நாள் பொழுது சாயும்போது கேட்டார்.

"நீதான் எழுதினியா?"

"ஆமா."

"அந்த மனுசனக் கொண்டு போயி உள்ள வச்சிட்டியே."

நான் அழவில்லை. அழுவேன் என்று நினைத்திருந்தேன். "ஆமாங்க. நீங்க வெளிய வரணும்னா அவரு உள்ள போகணும்னு தெரிஞ்சுதான் எழுதுனேன். மறுபடி வந்தாலும் எழுதுவேன்" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் பேச்சு பாப்பாவைப் பற்றி மட்டும்தான்.

அண்ணிக்கு வலி வந்ததும் இவர்தான் வேன் பிடித்தார். ரோட்டில் மறுபடியும் கல் சரிந்திருந்தது. இறங்கி, ஆட்களோடு சேர்ந்து தள்ளி வழி எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி என் கையை விடவில்லை. நான் உள்ளே போனேன், இவர் பாப்பாவோடு வெளியே நின்றார். விடிய நான் வந்து பார்த்தபோது பாப்பா அவர் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய் இவரைச் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனேன். இவர் உங்களுக்காகச் சத்தியக் கடதாசி எழுதிக் கொழும்பிலிருக்கும் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பியிருக்கிறார். பாஸைத் திருடவில்லை, நீங்கள்தான் கொடுத்தீர்கள், அது களவு இல்லை, பழக்கம் என்று. தான் முதலில் பொய் சொன்னதையும் ஒத்துக்கொண்டு எழுதச் சொன்னார். அதை எழுதினால் அவர் இனி எந்த வெளிநாட்டுக்கும் போக முடியாமல் போகலாம் என்று சட்டத்தரணி எச்சரித்தார். எழுதுங்க என்றார் இவர். கப்பல் எப்போது இறங்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். தெரிந்தால் ஸாஹிரிடம் சொல்லி விடுங்கள்.

உங்களிடம் நன்றி சொல்லவா மன்னிப்புக் கேட்கவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் நீங்கள் வாங்கிக்கொள்ளமாட்டீர்கள் என்று அண்ணி சொல்கிறார்.

இதை இதுவரைக்கும் இவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை. அடியில் நானும் ஒரு வார்த்தை எழுதுகிறேன் என்று பேனாவைக் கேட்டு வாங்கினார். வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதாமல் என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் விட்ட இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்புகிறேன்.

சுபாஜினி